பாஸ்வேர்டு கடைக்காரர் நோட்டில் இருக்கிறது!

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பி.எஃப். அட்வான்ஸ் எடுக்க பிரவுசிங் சென்டர் போனபோது, கடைக்காரரே எனக்கு ஜிமெயில் ஆரம்பித்து, பி.எஃப். பாஸ்வேர்டும் போட்டு, அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். இப்போது எதற்கும் அவரிடம்தான் போகணும்; தடவைக்கு 200 ரூபாய். என் பணத்துக்கு ஆபத்து உண்டா?
- வாசகி, பல்லடம்

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த நோட்டு மேஜை மேல்தானே கிடக்கிறது? வேலைக்கு வருகிற பையன் முதல் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் வரை யாரும் புரட்டலாம்.

பாஸ்வேர்டைவிட, எந்த மொபைல் நம்பரைக் கொடுத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். அவர் நம்பர் உள்ளே இருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் 'மறந்துவிட்டது' என்று அழுத்தி, ஓடிபி வாங்கி மறுபடி நுழைந்துவிடலாம்.

உங்கள் போனிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுங்கள். ரிங் போய்த் தானாகவே கட் ஆகும். பி.எஃப். விவரம் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தால் யு.ஏ.என்.னில் (உங்கள் பி.எஃப். அடையாள எண்ணில்) இருப்பது உங்கள் போன் நம்பர். வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். பி.எஃப். தளத்தில் ஆதார் ஓடிபி வழியாக நம்பரையும் பாஸ்வேர்டையும் மாற்றலாம். அதற்கு ஆதாரில் உங்கள் நம்பர் இருக்கணும். இல்லையென்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்துச் சேர்த்துவிட்டு வாருங்கள். பி.எஃப். தளத்தின் உள்ளே போனதும், கே.ஒய்.சி. (உங்கள் அடையாள, வங்கி விவரங்கள்) பகுதியில் இருக்கும் வங்கிக் கணக்கு எண்ணை உங்கள் பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள்.

அந்த ஜிமெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடைக் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருக்கலாம். உங்கள் போனில், உங்கள் நம்பரில் புதிதாக ஒன்று தொடங்கி, பி.எஃப்., வங்கி எல்லாவற்றிலும் அதை மாற்றிக்கொடுங்கள். காசு செலவில்லை. பி.எஃப். கிளெய்முக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. அந்த 200 கடைக்காரரின் கூலி மட்டுமே.

அடுத்த முறை கடைக்குப் போனால், "அக்கா, ஓடிபி சொல்லுங்க" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார்கள். சொல்ல வேண்டாம். எழுந்து போய் நீங்களே டைப் பண்ணுங்கள். பாஸ்வேர்டு போடும்போது அவரைச் சற்று அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் ஏற்கெனவே வேறு கணக்குக்குப் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். பி.எஃப். அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.