பஃப் ஆடர் என்ற விரியன் மந்தமான பாம்பு என்றால் ஆப்பிரிக்காவில் ஏன் இத்தனை பேரைக் கடிக்கிறது? நம் ஊர் விஷமுறிவு ஊசி அதற்கு வேலை செய்யுமா?

மந்தமாக இருப்பதால்தான் கடிக்கிறது. ஆள் வரும் அதிர்வு தெரிந்ததும் நழுவிப் போகிற பாம்பை யாரும் மிதிப்பதில்லை. பஃப் ஆடர் நழுவாது, படுத்த இடத்திலேயே கிடக்கும்.

அது சோம்பல் இல்லை, வேட்டை முறை. எலி ஓடும் தடத்தின் ஓரத்தில், சருகோடு சருகாக, நாள்கணக்கில்கூட ஒரே இடத்தில் காத்திருக்கும். எலி ஓடுகிற அதே ஒற்றையடிப் பாதையில்தான் மனிதரும் நடக்கிறார்கள். வாசனையையும் மறைத்துக்கொள்கிறது: தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற நாய்களாலும் கீரிக்குடும்பத்து மீர்கேட்டுகளாலும் அசையாமல் கிடக்கும் பஃப் ஆடரை மோப்பம் பிடிக்க முடியவில்லை. 2015இல் வெளியான ஆய்வு அது. தேரை பக்கத்தில் வந்தால் நாக்கை நீட்டி, புழு நெளிவது போல அசைத்து ஏமாற்றி இழுக்கும். எலி வந்தால் நாக்கு வித்தை கிடையாது. இரையைப் பார்த்துச் செயல்படுகிற பாம்பு!

உடம்பை ஊதிக்கொண்டு சீறும் என்பதால்தான் 'பஃப்' (ஊதுதல்) என்ற பெயர். ஆனால் சீறலை நம்பி நடக்காதீர்கள். மறைந்து கிடப்பதே அதன் முதல் தற்காப்பு, பல நேரம் சத்தமே வராது. மணலில் கம்பளிப்பூச்சி போல வயிற்றால் நேராக ஊர்வதால் வளைவில்லாத ஒற்றைக்கோட்டுத் தடம் விழும். அந்தத் தடம் தெரிந்தால் கவனம். கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் விழுகிறது, அதனால் இருட்டிய பிறகு டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் நடக்கக் கூடாது. மழைக்காடு, கடும் பாலை தவிர, சஹாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய எங்கும் இது உண்டு. காபோன் விரியன் இதைவிடப் பெரிது, நச்சுப்பல் 5 செ.மீ. வரை நீளும், ஆனால் காட்டுக்குள் இருப்பதாலும் எளிதில் சினந்து கடிக்காததாலும் கடி குறைவு.

பஃப் ஆடரின் விஷம் முதலில் சதையைத்தான் அழிக்கும். கடும் வலி, வீக்கம் மேலே ஏறும், கொப்புளம், பிறகு சதை அழுகல். வீங்கும் முன்பே மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட வேண்டும். கயிறு கட்டக் கூடாது, அழுத்தக் கட்டும் வேண்டாம். விஷத்தை ஒரே இடத்தில் தேக்கினால் அந்த இடத்துச் சதைதான் போகும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரி.

தென்னாப்பிரிக்காவில் என்றால், அங்கே தயாராகும் பல்வகை விஷமுறிவு மருந்து (பல பாம்புகளின் விஷத்துக்கும் ஒரே மருந்து) தரப்படும். ஒரு குப்பி 10 மில்லி. ஒன்றிரண்டு ஏற்றிவிட்டுக் காத்திருப்பது வீண், 50 மில்லியில் தொடங்குவது அங்கே வழக்கம். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. இந்த மருந்துக்கு ஒவ்வாமை அடிக்கடி வருவதால், அதை அடக்கும் அட்ரினலின் ஊசி கையருகே தயாராக இருக்க வேண்டும்.

இனி நம் ஊர் ஊசி. வேலை செய்யாது. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு மட்டும் தயாரானது. (பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் விரியன் இனமல்ல, நாகத்தின் உறவு.) அந்த விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. பஃப் ஆடர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சுருட்டை விரியனாவது ஆப்பிரிக்காவிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கிருப்பது வேறு இனம், விஷமும் வேறு. கானாவில் பழைய மருந்துக்குப் பதிலாக இந்தியாவில் தயாரான ஒன்றை வாங்கிப் பயன்படுத்தியபோது, கடிபட்டோரில் இறப்பு 1.8 சதவீதத்திலிருந்து 12.1 சதவீதமாக ஏறியது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலே சொன்ன தென்னாப்பிரிக்கப் பல்வகை மருந்தும் சுருட்டை விரியனுக்கு ஆகாது. அதற்குத் தனி மருந்து. ஆகவே ஆப்பிரிக்காவில் வேலைக்குப் போகிற நிறுவனங்கள் மருந்து வாங்கும்போது விலைக்கு முன்னால் பெட்டி மேல் அச்சிட்ட பாம்புப் பட்டியலைப் படிக்க வேண்டும். பஃப் ஆடருக்கு 'பிட்டிஸ் ஏரியட்டன்ஸ்' (Bitis arietans) என்ற அறிவியல் பெயர் அதில் இருக்க வேண்டும். வெறும் 'விரியன்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.