பெங்களூருவில் பூஜ்ஜியம், வேளச்சேரியில் இரண்டாயிரமா?

இல்லக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெங்களூருவில் இருக்கும் என் மகளுக்கு மாதம் 150 யூனிட் ஓடியும் மின்கட்டணம் ஒரு பைசாகூட வருவதில்லை. எங்களுக்கோ சென்ற முறை 510 யூனிட்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வந்துவிட்டது. சென்னையில் மின்சாரம் அவ்வளவு விலையா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: அம்மா, உங்கள் 510 யூனிட் இரண்டு மாதத்துக்கு உரியது; மகளுடைய 150 யூனிட் ஒரே மாதத்துக்கு உரியது. மாதக் கணக்கில் பார்த்தால் நீங்கள் 255, அவர் 150. கத்திரி வெயிலில் ஏசி இல்லாமல் தூங்க முடியாத ஊரையும், மின்விசிறியே போதும் என்றிருக்கும் ஊரையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாடு வியப்புக்குரியதன்று.

இப்போது வீட்டை மாற்றிப் பார்ப்போம். கர்நாடகத்தில் 2023இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில், வீட்டின் முந்தைய சராசரியோடு 10 சதவீதம் கூட்டிய அளவு வரை, 200 யூனிட்டுக்கு மிகாமல், மின்சாரம் இலவசம். ஆனால் மாதத்தில் 200ஐத் தாண்டினால் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் அங்கே வீடுகளுக்கு யூனிட்டுக்கு 5 ரூபாய் 90 காசு என்று நிர்ணயித்தார்கள். உங்கள் 255 யூனிட்டை அந்த விலையில் போட்டால் மாதம் 1,504 ரூபாய் 50 காசு, இரண்டு மாதத்துக்கு 3,009 ரூபாய் ஆகிறது. நிலைக்கட்டணமும் வரியும் இதில் சேரவில்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் விகிதப்படி உங்கள் 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய்தான். 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் உயர்ந்த பிறகும் நீங்கள் சென்னையில் இருப்பதே உங்களுக்கு லாபம். மகளுக்கு மட்டும் பெங்களூரு லாபம், ஏனெனில் அவர் 200க்குள் அடங்கிவிடுகிறார். இங்கே முதல் 100 யூனிட் எவ்வளவு ஓட்டினாலும் எல்லா வீட்டுக்கும் இலவசம். அங்கே வரம்புக்குள் இருப்பவருக்கு மட்டுமே சலுகை.

உண்மையில் உங்களைக் கடித்தது வேறொன்று. அதே 2022 விகிதத்தில் 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,725 ரூபாய்தான் வந்திருக்கும். கடைசிப் பத்து யூனிட்டின் விலை 305 ரூபாய்! 500ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் 2 ரூபாய் 25 காசிலிருந்து 4 ரூபாய் 50 காசுக்கு ஏறிவிடுவதே காரணம். கணக்கெடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்பு மீட்டரில் தெரியும் எண்ணிலிருந்து, அட்டையில் எழுதியிருக்கும் முந்தைய எண்ணைக் கழித்துப் பாருங்கள். 470ஐ நெருங்கியிருந்தால் ஏசியைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம்.

மாதாமாதம் கணக்கெடுத்தால் கட்டணம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். 500 என்பது 250 ஆகப் பாதியாக்கப்படுமானால் அப்படிக் குறையாது. கடுமையான மே மாதத்தை அடுத்த மாதம் ஈடுகட்டும் வாய்ப்பையும் இழப்போம்.

கேள்வி: டெல்லியிலுள்ள என் தம்பி எங்களைவிடக் குறைந்த விலைக்கு சிலிண்டர் வாங்குகிறான். வரிதான் காரணமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வரியன்று. வீட்டு சிலிண்டருக்கு நாடு முழுவதும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். வேறுபாடு பெரும்பாலும் போக்குவரத்துச் செலவால் வருகிறது. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் 14.2 கிலோ சிலிண்டர் டெல்லியில் 853 ரூபாய், சென்னையில் 868 ரூபாய் 50 காசு என்று இருந்தது. இந்தப் பதினைந்தரை ரூபாயைவிட, மாடிக்குத் தூக்கி வருபவர் கையில் நாம் வைக்கும் தொகையே பெரிதாக இருக்கும்.

கேள்வி: கோவையிலிருந்து மடிப்பாக்கம் வந்தோம். தண்ணீருக்கு ரசீதே வருவதில்லை. ஆனால் மாதச் செலவு கையைக் கடிக்கிறது. எப்படி ஒப்பிடுவது?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: சென்னையில் தண்ணீர்ச் செலவு ஒரே ரசீதில் அடங்குவதில்லை. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரியாக அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்காரர் பெயரில் போகிறது. லாரித் தண்ணீரும் போர்வெல் மோட்டார் ஓடும் மின்சாரமும் குடியிருப்பின் பராமரிப்புத் தொகைக்குள் ஒளிந்திருக்கின்றன. கேன் தண்ணீர் தனி. 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்று வைத்து, இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் மாதம் 600 ரூபாய். கோவையில் இவற்றுள் எதெதற்குக் காசு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அதே வரிசையில் இங்குள்ள செலவை எதிரே எழுதினால்தான் அது ஒப்பீடு.

பராமரிப்புக் கணக்கைக் கேட்கும்போது மோட்டார் இணைப்பின் கட்டணத்தையும் பாருங்கள். பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 2023இல் தமிழ்நாடு அரசு யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேலிருந்த கட்டணத்தை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. உங்கள் கட்டடம் அந்த வகையில் வருமானால், சங்கச் செயலாளர் அந்தச் சலுகைக்கு மாறியிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.