காது வலிக்கவில்லை, ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. இரண்டு மாதமாக, கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறான். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். வகுப்பில் கவனிப்பதில்லை என்று டீச்சரும் சொல்கிறார். காது வலி இல்லை, சீழ் இல்லை. இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறான். இது பிடிவாதமா, காதில் அழுக்கா என்று தெரியவில்லை. என் கணவருக்கு 44 வயது. அவருக்கும் மூன்று வாரமாக வலது காது மட்டும் அடைத்தது போல இருக்கிறது. இது குடும்பவழி வருவதா? இருவருக்கும் ஒரே சொட்டு மருந்து போடலாமா?

பதில்: முதலில், பையனைத் திட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவன் கேட்டும் கேட்காதது போல இருக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. பாதிதான் கேட்கிறது. செவிப்பறைக்குப் பின்னால், நடுச்செவியில் நீர் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த வயதுப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாக வரும் பிரச்சினை இது. வலிக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாமலே பல வாரங்கள் ஓடிவிடும்.

இது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். நடுச்செவி என்பது காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து, அறைக்குள் புதுக் காற்றை விடும். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம், நன்றாகச் சரிந்து இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். போதாக்குறைக்கு அதன் வாயருகிலேயே அடினாய்டு என்ற சதை உட்கார்ந்திருக்கிறது. சளி பிடித்தாலோ அடினாய்டு வீங்கினாலோ குழாய் அடைபடும். உள்ளே இருக்கும் காற்றை நடுச்செவியின் சவ்வு மெல்ல உறிஞ்சிவிடும். வெற்றிடம் போல ஆனதும் சவ்விலிருந்து நீர் கசியும். நாளாக ஆக அது பசை போலக் கெட்டியாகும். பின்னால் பசை இருக்கும்போது செவிப்பறை எப்படி அதிரும்?

இதனால் கேட்கும் திறன் பொதுவாக 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். முழுச் செவிடு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் பதில் வரும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் வராது. நாற்பது பிள்ளைகள் சலசலக்கும் வகுப்பில் டீச்சர் பேசுவதில் பாதிச் சொற்கள் நழுவிப்போகும். ஒரு வாரம் தேவலை என்றிருக்கும், சளி பிடித்தால் அடுத்த வாரம் மோசமாகும். இந்த ஏற்ற இறக்கம்தான் பெற்றோரைக் குழப்புகிறது. "அவனுக்கு வேண்டியது மட்டும் காதில் விழுகிறது" என்று என்னிடம் சொல்லாத தாய் தந்தையர் குறைவு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் வருத்தமாக இருக்கும்.

காய்ச்சலோடு வரும் காது வலி வேறு கதை. அது நடுச்செவியில் கிருமித் தொற்று. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, 2 வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, சீழ் வடிதல், கடும் காய்ச்சல் என்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். காதுக்குப் பின்னால் வீங்கி, காது மடல் முன்னால் தள்ளினாற்போல இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். இ.என்.டி. டாக்டர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார். அதோடு இரண்டு சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒன்று டிம்பனோமெட்ரி. காதில் ஒரு சிறிய முனையை வைத்துச் சில நொடிகளில் முடிந்துவிடும், வலிக்காது. செவிப்பறை நன்றாக அசைந்தால் வரைபடத்தில் ஒரு மலைமுகடு தெரியும், பின்னால் நீர் இருந்தால் கோடு தட்டையாகப் போகும். இன்னொன்று ஆடியோகிராம். சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்து, கட்டையைப் பெட்டியில் போடு என்று விளையாட்டாகச் செய்யவைத்தால் 5 வயதுப் பையன் அழகாக ஒத்துழைப்பான்.

நீர் இருக்கிறது என்று உறுதியானால், உடனே ஆபரேஷன் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். அதனால் மூன்று மாதம் பொறுத்து, மறுபடி சோதித்துப் பார்ப்பதுதான் முறை. இந்த நீரை வற்றவைக்க ஆன்டிபயாடிக்கோ சளி மாத்திரையோ உதவுவதில்லை. அடுக்குத் தும்மல், மூக்கு அரிப்பு என்று அலர்ஜி தெளிவாக இருந்தால் அதற்கு மூக்கு ஸ்ப்ரே கொடுப்பார்கள், அது மூக்குக்காக. மூக்கால் பலூன் ஊதும் ஒரு பயிற்சி உண்டு. குழாயைத் திறக்கவைக்கும். தினமும் பொறுமையாகச் செய்யும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது.

சொட்டு மருந்து வேண்டாம். காதில் ஊற்றுவது எதுவாக இருந்தாலும் செவிப்பறைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். பிரச்சினை அந்தப் பக்கம் இருக்கிறது. எண்ணெயும் அப்படித்தான். தெரியாமல் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்த் தொந்தரவுதான் செய்யும். காதுக் குரும்பியை அழுக்கு என்று நினைத்து பட்ஸ் போட்டுக் குடையவும் வேண்டாம். குரும்பி தானாக வெளியே வரக்கூடியது, பட்ஸ் அதை உள்ளேதான் தள்ளும்.

காத்திருக்கும் அந்த மூன்று மாதமும் அவனுக்குப் பள்ளி நாட்கள் என்பதை மறக்கக் கூடாது. டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி முதல் வரிசையில் உட்காரவையுங்கள். வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு, தோளைத் தொட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சிகரெட் புகை பிள்ளைகளின் காதுத் தொல்லையைக் கூட்டும் என்பது நன்றாகத் தெரிந்த உண்மை.

குறட்டையைத் தனியாகக் கவனியுங்கள். வாயால் மூச்சு விடுவதும் குறட்டையும் அடினாய்டு பெருத்திருப்பதைக் காட்டலாம். 3 வயது முதல் 7 வயது வரை அது பெரிதாக இருக்கும், பதின்ம வயதில் சுருங்கிவிடும். அடினாய்டு மூக்கையும் காதையும் சேர்த்தே கெடுக்கிறது என்பதை 1868-லேயே கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர் எழுதிவைத்தார். நீங்கள் பார்க்க வேண்டியது, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறானா என்பது. வியர்த்து, புரண்டு புரண்டு படுக்கிறானா? நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறதா? அவன் தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அரை மணி நேரம் விளக்கிச் சொல்வதைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும். தூக்கத்தில் மூச்சு நின்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அடினாய்டை, தேவைப்பட்டால் டான்சிலையும் எடுப்பது பற்றி முன்கூட்டியே பேசலாம்.

மூன்று மாதம் கழித்தும் இரண்டு காதிலும் நீர் நின்று, கேட்கும் திறனும் குறைந்தே இருந்தால் குரோமெட் வைப்பார்கள். செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டு, நீரை உறிஞ்சிவிட்டு, அந்த இடத்தில் வைக்கும் பொடிக் குழாய் அது. யூஸ்டேஷியன் குழாயின் வேலையைச் சில காலம் இது செய்யும். 1954 முதல் வைத்து வருகிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது, கால் மணி நேர வேலை. பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் தானே வெளியே விழுந்துவிடும். உங்கள் மகன் வயதில் அடினாய்டையும் சேர்த்து எடுத்தால் நீர் மறுபடி தேங்குவது குறையும். வைத்த மறுநாள் சில பிள்ளைகள், எல்லாம் சத்தமாகக் கேட்கிறது என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். பயப்பட வேண்டாம்.

இனி உங்கள் கணவர். குடும்பவழி என்ற யோசனையை விட்டுவிடுங்கள். மகனுக்கு வந்தால் சாதாரணம் என்று நான் சொன்னதை 44 வயதுக்காரருக்கு, அதுவும் ஒரே காதில் வந்தால் சொல்ல மாட்டேன். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அடைப்பு சளியோடு மெல்ல வந்ததா, இல்லை ஒரு நாள் காலையில் எழுந்தபோதே காது கேட்கவில்லையா? திடீரென்று வந்திருந்தால் அது காது நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். அப்படியானால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மூன்று வாரம் போய்விட்டது என்பதால் இனி ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகச் சொல்லுங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் குரும்பியோ நீரோ காரணமாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இது ஒரு குறிப்புதான், ஆடியோகிராமுக்கு மாற்று இல்லை.

குரும்பியாக இருந்தால் எடுத்த உடனே சரியாகிவிடும். நீராக இருந்தால், அண்மையில் சளியோ விமானப் பயணமோ இருந்ததா என்று பார்ப்போம். இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும், சில வாரங்களில் வடியும். அப்படி எதுவும் இல்லாமல் ஒரு காதில் மட்டும் நீர் நின்றால், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை விட்டு யூஸ்டேஷியன் குழாயின் வாயை அவசியம் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அங்கே அடினாய்டு இருக்காது, அரிதாகக் கட்டி இருக்கலாம். கழுத்தில் வீக்கம், ஒரு பக்க மூக்கடைப்பு, சளியில் ரத்தம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஆனால் பார்க்காமல் விடக்கூடாத இடம் அது. இருவரில் முதலில் போக வேண்டியவர் உங்கள் கணவர்தான், நாளைக்கே.