பழைய கார்பரேட்டரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

ஏப்ரல் வந்தால் சேலத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களின் கடிதங்கள் கூடிவிடும். வெயில் நாற்பதைத் தொடும், வீட்டில் ஏற்காட்டுக்குப் போகலாம் என்பார்கள், வண்டி பாதி மலையில் நின்றுவிடும். இந்த முறை பெட்ரோல் டாங்க்கிலிருந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் வரைக்குமான கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டவை.

கே: அப்பா வாங்கிய 1984 அம்பாசடர். ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜின் அணைந்துவிடுகிறது (ஐட்லிங் நிற்கவில்லை), கரும்புகை வேறு. கார்பரேட்டர் போய்விட்டது என்று சொல்லி, புதிது 6,500 ரூபாய்க்குப் போட்டார்கள். பழையதை எடுத்துக்கொண்டு 300 ரூபாய் கழித்தார்கள். இரண்டே மாதத்தில் மறுபடியும் அதே புகை. பில் கிடையாது. நான் ஏமாந்துவிட்டேனா சார்? (குகை)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.

கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது என்று அர்த்தம். பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வ் சரியாக உட்காராமல் இருக்கலாம். மிதந்து அந்த வால்வை மூட வைக்கும் ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். காற்றைக் குறைக்கும் சோக் முழுசாகத் திறக்காமல் இருக்கலாம். இல்லையென்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். முக்கால்வாசி நேரம் ஒரு ரிப்பேர் கிட்டும் அரை நாள் உழைப்பும் போதும். பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை. கார்பரேட்டரின் உடம்பில் உண்மையாகத் தேய்வது த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) ஓடும் துளைதான். அதற்கும் புஷ் (உள்வளையம்) அடித்துவிடலாம், சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

2011இல் எனக்கும் இது நடந்தது. என் பிரீமியர் பத்மினி காருக்கு வெளியூர்க் கடை ஒன்றில் 4,000 ரூபாய் கொடுத்து ‘ரீகண்டிஷன்’ கார்பரேட்டர் வாங்கினேன். பளபளவென்று இருந்தது. ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அது லொடலொடவென்று ஆடியது, அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு ஐட்லிங்கே நிற்கவில்லை. வண்டியோடு வந்த அசலை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். திரும்பப் போய்க் கேட்டபோது விற்றுவிட்டோம் என்றார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பணம் யு.பி.ஐ.யில் போயிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். வாட்ஸாப்பில் பேசியதையும் அழிக்காதீர்கள். பழைய கார்பரேட்டரைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. 6,500 ரூபாய்க்காகவா இவ்வளவு என்று நினைக்காதீர்கள். அது உங்கள் அப்பாவின் வண்டியில் இருந்த பொருள்.

கே: பெட்ரோல் ஹோஸில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா? (அம்மாபேட்டை)

ப: வாங்காதீர்கள். ஒரு பொருட்காட்சியில் 750 ரூபாய் கொடுத்து நான் வாங்கினேன். ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை.

கே: கார்பரேட்டர் சர்வீஸ் செய்த பிறகு லிட்டருக்கு 11 கொடுத்த வண்டி 8தான் கொடுக்கிறது. ஜெட்டையெல்லாம் கம்பி விட்டு நன்றாகக் குத்திச் சுத்தம் செய்ததாக மெக்கானிக் பெருமையாகச் சொல்கிறார். (செவ்வாய்ப்பேட்டை)

ப: மைலேஜ் போன காரணத்தை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இந்தக் கம்பி விவகாரத்தை நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நின்றபாடில்லை.

ஜெட் என்பது பித்தளையில் துல்லியமாகத் துளைத்த ஒரு சின்னத் திருகு. சோலெக்ஸ் கம்பெனி ஜெட்டின் தலையில் 120 என்று எண் இருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர் என்று பொருள். எஃகுக் கம்பியை விட்டுக் குடைந்தால் பித்தளைதான் தேயும். துளை 1.30 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் போவது துளையின் பரப்பு வழியாக. அந்தப் பரப்பு 17 சதவீதம் கூடிவிடுகிறது. வண்டியின் ஆயுள் முழுக்க அந்தக் கூடுதல் பெட்ரோலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். தலையில் எண் மட்டும் 120 என்றே இருக்கும், அதனால் அடுத்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. இக்னிஷனைக் குறை சொல்வார், நன்றாக இருக்கும் பிளக்கை மாற்றுவார், பாயின்ட்டை மாற்றுவார்.

ஜெட்டைச் சுத்தம் செய்யக் கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் கம்ப்ரஸர் காற்றும் போதும். பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தால் கிளீனரில் ஓர் இரவு ஊற வையுங்கள். அதற்கும் போகாவிட்டால் அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோகலாம். வேறு வழியே இல்லையென்றால் மெல்லிய நைலான் நரம்பு. கம்பி, ஊசி, டிரில் பிட் எதுவும் ஜெட் பக்கம் வரக் கூடாது. வேலை கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொள்ளும் மெக்கானிக் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்வார்.

உங்களுக்கு இப்போது தேவை அதே எண்ணுள்ள புது ஜெட்டுகள் மட்டும்தான். முழு கார்பரேட்டரை வாங்கிவிடாதீர்கள்.

கே: எங்கள் பத்மினி சேலம் போய்விட்டு மதியம் திரும்பும்போது பத்தாவது, பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். (நாகலூர், ஏற்காடு)

ப: பொறுங்கள், இப்போதைக்குப் பம்ப் வாங்க வேண்டாம். பைப்பிலோ பம்ப்பிலோ பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. ஆவியைப் பம்ப்பால் தள்ள முடியாது. கீழே நாற்பது டிகிரி, அதற்குமேல் இருபது வளைவையும் முதல், இரண்டாம் கியரில் ஏறுவதால் பானட்டுக்குள் வரும் சூடு, போதாததற்கு உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் சீக்கிரம் கொதிப்பது. மூன்றும் அந்த வளைவில்தான் ஒன்றுசேர்கின்றன.

செலவில்லாததை முதலில் பாருங்கள். வண்டி நின்றதும் டாங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, பிரச்சினை அதுதான். அது இல்லையென்றால் பெட்ரோல் பைப் எங்காவது எக்ஸாஸ்ட்டை உரசுகிறதா, கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (இன்ஜினுக்குள் கலவை போகும் குழாய்) நடுவில் இருக்க வேண்டிய கெட்டியான பேக்கலைட் பேக்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பேக்கிங்கை எடுத்துவிட்டு வெறும் காகித கேஸ்கெட் போட்ட வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். சூடு நேராக ஃப்ளோட் சேம்பருக்கு ஏறிவிடும்.

அவசரத்துக்கு அந்தக் கால டாக்ஸி டிரைவர்கள் செய்ததையே செய்யுங்கள். பானட்டைத் திறந்து வைத்து, ஏசி பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றுங்கள். (ஏசி என்பது பம்ப் கம்பெனியின் பெயர், பெட்ரோல் பம்ப்புக்கே அது பெயராகிவிட்டது.) சூடான மேனிஃபோல்டில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பம்ப்பின் டயாஃப்ரத்தை (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) பார்க்கலாம். அதற்கு முன் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அப்படியென்றால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. டயாஃப்ரம் மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகுதான்.

கே: ஏசி பம்ப் சரியில்லை என்று ஆன்லைனில் எலெக்ட்ரிக் பம்ப் வாங்கிப் போட்டேன். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது, பிரஷர் ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் கார்பரேட்டர் வழிகிறது, பெட்ரோல் வாடை தாங்கவில்லை. ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது. விற்றவர் மேல் கேஸ் போடலாமா? (அஸ்தம்பட்டி)

ப: தம்பி, முதலில் வண்டியை நிறுத்திப் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். வழிகிற பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் வண்டி எரியும், உள்ளே இருப்பவர்களும் தப்ப மாட்டார்கள்.

கார்பரேட்டருக்கு வேண்டிய அழுத்தம் 3, 4 பி.எஸ்.ஐ. இன்ஜெக்‌ஷன் பம்ப் 40க்கு மேல் தள்ளும். எந்த நீடில் வால்வும் அதைத் தாங்காது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு என்று எழுதியே விற்றிருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். கேஸ் நிற்காது. ஏசி பம்ப்புக்கு கிட் வாங்கிப் போடுங்கள். வாங்குவதற்கு முன்னால் இரண்டு வரி எழுதிக் கேட்டிருக்கலாம்.

கே: என்னிடம் 1996 மாருதி 800. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலால் கார்பரேட்டர் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (கொண்டலாம்பட்டி)

ப: ஒரேயடியாகப் பயப்படவும் வேண்டாம், சும்மா விட்டுவிடவும் வேண்டாம். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்ததில்லை. ஹோஸ் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். பம்ப் டயாஃப்ரம் விறைத்துப்போகும். அதனால் டாங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும் மாற்றுங்கள். மேலே எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள், உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் எழுத்தில்லாத கறுப்பு டியூபும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபும் வேண்டாம். கிட் வாங்கினால் பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச விலை இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இருந்தாக வேண்டும். இல்லாத பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எத்தனால் டாங்க்கின் பழைய அழுக்கைக் கரைத்துக் கிளப்பிவிடும், அதனால் கொஞ்ச நாளைக்கு ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். கலவையும் கொஞ்சம் லீனாகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தது போல ஆகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கச் சொல்லுங்கள். புது ஜெட்டாக மாற்ற வேண்டும், கம்பியால் குடைந்து அல்ல. மைலேஜ் ஆறு, ஏழு சதவீதம் குறையும். எத்தனாலில் சக்தி குறைவு, அதற்கு டியூனிங்கில் வைத்தியம் இல்லை.

கே: மழைக்குப் பிறகு பெட்ரோல் போட்டதும் வண்டி இழுத்து இழுத்து நின்றது. பங்க்கில் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். (சீலநாயக்கன்பட்டி)

ப: ஃபில்டரைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து ஆடாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக நின்றால் தண்ணீர், எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. போட்டோ எடுங்கள், பில்லோடு அந்த எண்ணெய்க் கம்பெனிக்குப் புகார் கொடுங்கள். கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்கவும், அடர்த்தியைப் பார்க்கச் சொல்லவும், 5 லிட்டர் முத்திரை அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அவர்கள் குரலை உயர்த்தினால் நீங்கள் உயர்த்த வேண்டாம், 1915 எண்ணை எடுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஷெட்டிலேயே நிற்கிறது. ஒருவர் கார்பரேட்டரையும் பம்ப்பையும் மட்டும் 5,000 ரூபாய்க்குக் கேட்கிறார். இன்னொருவர் டாங்க்கே புதிதாகச் செய்ய வேண்டும், 35,000 ஆகும் என்கிறார். மகனுக்கு அதை ஓட்ட ஆசை. (சூரமங்கலம்)

ப: அம்மா, இரண்டு பேருக்கும் இப்போது எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். மெட்ராஸில் அந்தக் கார் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கார்பரேட்டரும் பம்ப்பும் இல்லாத ஹெரால்டை அப்புறம் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள். வந்தவருக்கு அது தெரியும்.

35,000 சொன்னவர் டாங்க்கைக் கழற்றிப் பார்த்தாரா? பார்க்காமல் சொன்ன விலைக்கு மதிப்பில்லை. டாங்க்கை இறக்கி, ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் கழுவி, காற்றடைத்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தால் ஆவி விட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும். காலி டாங்க் என்று நெருப்பைக் காட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும். இதைக் கடைக்காரரிடம் நீங்களே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

அதுவரைக்கும் யாரும் ஆசைக்குக்கூடச் சாவி போட வேண்டாம். இரண்டு வருஷத்துப் பெட்ரோல் பிசினாகியிருக்கும், அது கார்பரேட்டருக்குள் போனால் ஜெட் எல்லாம் அடைத்துக்கொள்ளும். பழைய பெட்ரோலை முழுக்க வடித்து, ஹோஸும் ஃபில்டரும் மாற்றி, பம்ப்புக்கும் கார்பரேட்டருக்கும் கிட் போட்டு, ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றினால் போதும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மகன் கூடவே இருக்கட்டும். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும், கிழிந்த டயாஃப்ரம் உட்பட, ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.