கெயினை எந்த எண்ணில் வைப்பது?

கருங்கல்லில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஸ்விஃப்ட் வண்டி, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஒரு மோனோ ஆம்ப், டிக்கியில் 12 இஞ்ச் சப் வூஃபர். மாட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் சப்பில் இருந்து கருகல் வாடை வருகிறதாம். மாட்டிய கடையில் கேட்டால் "ஆம்ப் சின்னது, பெரிசு போடணும்" என்கிறார்களாம். ஆம்பில் உள்ள கெயின் என்ற திருகை எந்த எண்ணில் வைக்க வேண்டும், கம்பெனி ஸ்டீரியோ உள்ள மாமாவின் வண்டிக்கும் அதே எண் போதுமா என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் பெரிய ஆம்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். கெயின் தவறாக இருக்கும்போது பெரிய ஆம்ப் போட்டால் மூன்று மாதத்தில் கருகுவது மூன்று நாளில் கருகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கெயின் என்பது வால்யூம் இல்லை. நம் ஊரில் பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வரும்போது வரத்து குறைவாக இருந்தால் மடையை அகலத் திறப்போம், கூடுதலாக வந்தால் குறைப்போம், வயலுக்கு வேண்டிய தண்ணீர் என்னவோ ஒன்றுதான். அதே வேலைதான் இந்தத் திருகுக்கும். ஸ்டீரியோவில் இருந்து வரும் சிக்னல் ஒரு வண்டியில் 2 வோல்ட், இன்னொன்றில் 4 வோல்ட்; அதற்கு ஏற்ப ஆம்பை ஒத்துப்போக வைப்பதற்காக வைத்திருக்கிறார்கள். ஆகவே எல்லா வண்டிக்கும் பொருந்தும் எண் என்று ஒன்று கிடையாது, பக்கத்து வீட்டு வண்டியில் எங்கே இருக்கிறதோ அங்கே வைப்பதும் வேண்டாம்.

மடையை அளவுக்கு மேல் திறந்தால் வரப்பு உடையும். இங்கே உடைவது ஒலி அலையின் உச்சி. ஆம்ப் தன்னால் முடிந்த வோல்ட்டைத் தொட்டதும் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். தட்டை முழுமையாக ஆகஆக அதே உயரமுள்ள நல்ல அலையைவிட இரண்டு மடங்கு வரை சக்தி சப்பின் காயிலுக்கு (உள்ளே உள்ள கம்பிச்சுருள்) போகும், காயில் சூடாகி வார்னிஷ் கருகும். உங்களுக்கு வந்த வாடை அதுதான்.

கடைகளில் ஏன் இதைச் சரியாக வைப்பதில்லை என்றால், வண்டி எடுக்க வருகிறவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு "கொள்ளாம், நல்ல அடி" என்று சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும், அதற்குக் கெயினும் பாஸ் பூஸ்ட்டும் (தாழ்ந்த ஒலியை மட்டும் கூட்டும் திருகு) முழுக்கத் திருப்பி வைப்பதுதான் சுலபமான வழி. என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஒரே வருடத்தில் மூன்று ஜோடி ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) மாற்றியிருந்தார்கள், மூன்று தடவையும் ஒரே கடை, கெயின் மூன்று தடவையும் கடைசி வரை திருகியே இருந்தது. ஒருவர்கூட ஒரு மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை! அப்புறம் பழைய சப்பை எடுத்துக்கொண்டு புதுசு விற்பது, ஷோரூமில் இருந்து ஆள் அனுப்புகிறவருக்குக் கமிஷன், எல்லாம் வாடிக்கையாளர் தலையில்தான் வந்து விழுகிறது.

பெட்டியில் அச்சடித்த வாட்டையும் நம்பாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஆம்ப் மேல் 1500 வாட் என்று இருக்கிறது, ஆனால் அதன் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் 30 ஆம்பியர். 30 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 420 வாட், அதில் கரன்ட்டைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை நல்ல ஆம்ப் என்றாலும் சுமார் 80 சதவீதம்தான் சப்புக்குப் போகும், அதாவது 330 வாட் பக்கம். மீதி 1170 வாட் எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் சிடிஏ 2006 என்று ஓர் அளவு முறை இருக்கிறது, 14.4 வோல்ட்டில் 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் எத்தனை வாட் தருகிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். நம் கடைத்தெருவில் யார் எதை அச்சடித்தாலும் கேட்க ஆள் இல்லை. உங்கள் சப்பிலும் கொட்டை எழுத்தில் 1200, பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) 250. பொடி எழுத்துதான் உண்மை.

சரி, வேலைக்கு வருவோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மஞ்சள் மல்ட்டிமீட்டர் போதும். ஆம்பின் வாட், சப்பின் ஆர்எம்எஸ் வாட், இரண்டில் எது குறைவோ அதை எடுங்கள். உங்களுக்கு 250. அதை சப்பின் ஓமால் பெருக்குங்கள், உங்களுடையது 4 ஓம், 1000 வரும். அதன் வர்க்கமூலம் 31.6. இவ்வளவு வோல்ட்டுக்கு மேல் ஆம்பில் இருந்து வரக்கூடாது, அதுதான் உங்கள் எண்.

ஸ்டீரியோவில் ஈக்வலைசர், லவுட்னஸ் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள், ஆம்பில் பாஸ் பூஸ்ட்டும் பூஜ்யம். (இந்த பாஸ் பூஸ்ட்டில் 6 டெசிபல் ஏற்றினாலே அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் கேட்கிறது, 12 என்றால் பதினாறு மடங்கு. அதை நான் எந்த வண்டியிலும் தொடுவதில்லை.) டாஷ்போர்டில் பாஸ் குமிழ் தனியாக வைத்திருந்தால் அதை முழுக்க ஏற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு யாராவது அதைத் திருப்பினதும் கணக்கெல்லாம் போச்சு. சப் வயரை ஆம்பில் இருந்து கழற்றிவிடுங்கள். கெயினை அடியோடு குறையுங்கள். பூஜ்யம் டெசிபலில் பதிவான 50 ஹெர்ட்ஸ் டோனை வேவ் ஃபைலாகப் பென்டிரைவில் ஏற்றி ஓட விடுங்கள், புளூடூத் வேண்டாம். எஞ்சின் ஓட வேண்டும், அதனால் வண்டி வெளியே நிற்கட்டும், ஷெட்டுக்குள் வேண்டாம். வால்யூமை முக்கால் அளவுக்கு, 40 வரை உள்ள ஸ்டீரியோ என்றால் 30க்கு, ஏற்றுங்கள். மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு கெயினை மெல்லத் திருப்புங்கள். 31.6 வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். இனி 30க்கு மேல் வால்யூம் போகக்கூடாது, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

கதவு ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப் போட்டால் இதே முறைதான். பலர் சொல்வதுபோல 1000 ஹெர்ட்ஸ் டோன் போடாதீர்கள், மஞ்சள் மீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது. 300 போதும்.

இனி மாமாவின் வண்டி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பழகிய கைகளே தப்பு செய்யும் இடம் இது. கம்பெனி ஸ்டீரியோக்கள் பலவற்றில் வால்யூம் ஏறஏற பாஸை அதுவாகவே குறைத்துவிடும் ஏற்பாடு இருக்கிறது, கதவில் உள்ள சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க. அதன் ஸ்பீக்கர் வயரில் இருந்து சிக்னல் எடுத்து, வால்யூம் 30ல் 50 ஹெர்ட்ஸ் டோனை அளந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும், நீங்களும் நம்பி கெயினை ஏற்றிவிடுவீர்கள். பிறகு ஒரு நாள் வால்யூம் 18ல் மெதுவாகப் பாட்டுக் கேட்கும்போது, பாஸ் இன்னும் குறைக்கப்படாத அந்த இடத்தில், சப்புக்குக் கணக்குக்கு மேல் போகும். குறைந்த வால்யூமில் கருகிய சப்பை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த வண்டியில் கெயினைக் குறைவாக வைத்துவிட்டு, வால்யூமை 10ல் இருந்து இரண்டு இரண்டாக ஏற்றி ஒவ்வொரு இடத்திலும் மீட்டர் காட்டுவதைத் தாளில் எழுதுங்கள். எந்த வால்யூமில் அதிகம் காட்டுகிறதோ, அங்கே நிறுத்தித்தான் கெயினை வைக்க வேண்டும். மேலே போகும்போது பாஸ் குறைவாகத் தெரியும், தெரியட்டும்.

இன்னொன்று, உங்கள் பவர் வயரைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், செம்பு விலைக்கு உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அதில் வோல்ட் கூடுதலாக விழும், கெயின் சரியாக இருந்தாலும் ஆம்ப் சீக்கிரம் தலை வெட்டும். குளச்சல், முட்டம் பக்கம் வண்டி அடிக்கடி போகிறது என்றால் எர்த் போல்ட்டையும் பாருங்கள், உப்புக்காற்றில் துரு பிடித்தாலும் இதே கதைதான். பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

இவ்வளவும் செய்யும் முன் சப் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள், கரகர என்று உரசினால் காயில் போய்விட்டது. உரசவில்லை என்றால் மீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள், 4 ஓம் சப்புக்கு 3.2 முதல் 3.8 வரை காட்டினால் அதையே ஓட்டலாம். போயிருந்தால் அதே வாட்டில் இன்னொன்று வாங்குங்கள், கெயினை வைத்து முடித்த பிறகு வயரை மாட்டுங்கள்.