குடிசைக் கதவில் ஒரு காகிதம்

அன்புள்ள சார்,

வில் மர்ரே 2015-இல் எழுதிய ‘டார்சான்: ரிட்டர்ன் டு பால்-உல்-டான்’ படித்தேன். இரண்டாம் உலகப் போர், விமானம், நடுவில் டைனோசர். டார்சானை உருவாக்கிய எட்கர் ரைஸ் பர்ரோஸ் இறந்து 65 வருடம் கழித்து இன்னொருவர் அவருடைய நாயகனை எடுத்து எழுதலாமா? அசலின் தூய்மை கெடாதா? என் 11 வயது மகனுக்கு இதைக் கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முறையாக அனுமதி வாங்கித்தான் எழுதியிருக்கிறார், அதை விடுங்கள். போரும் விமானமும் பர்ரோஸே எழுதி 1947-இல் புத்தகமாக வந்தவை. டைனோசரும் அவர் சரக்குதான்.

ஆனால் ‘அசலின் தூய்மை’ என்கிறீர்களே, முதல் டார்சான் நாவலைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்? பர்ரோஸ் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை. 1912-இல் பத்திரிகையில் வந்தபோது, ஆப்பிரிக்காவில் இல்லாத புலி அந்தக் காட்டில் திரிந்தது. புத்தகமானபோதுதான் அது பெண்சிங்கமானது. யோசிக்காமல் கும்பிடாதீர்கள்.

எனக்கு டார்சான் என்றால் அந்தக் குடிசைதான். செத்துப்போன அப்பா கட்டியது. குரங்குகள் வளர்த்த பையன் மேசைமேல் குந்தி உட்கார்ந்து படப் புத்தகத்தைப் பார்க்கிறான். எழுத்துகள் அவனுக்குப் பூச்சிகளாகத் தெரிகின்றன. படத்தில் தன்னைப் போலவே ஒரு சிறுவன். அவன் படம் வரும் இடத்திலெல்லாம் அதே மூன்று பூச்சிகள்: b, o, y. சொல்லித்தர ஆளில்லாமல் அப்படியே வாசிக்கக் கற்றுக்கொள்கிறான்.

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. என் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அடுப்படியில் விரித்துவைத்துப் பார்ப்பாள். ஆட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ‘ஆ’. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்து இழுத்தாள். “டேய், ஆட்டு எழுத்து வண்டி வருதுடா!” ஆரணி பஸ். அவள் கை நடுங்கியது.

அதனால்தான் என்னால் டார்சானைத் தூக்கியெறிய முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அப்படி எழுத்தறிந்த பையன் குடிசைக் கதவில் ஒரு காகிதத்தைக் குத்திவைக்கிறான். இது டார்சானின் வீடு, மிருகங்களையும் கறுப்பர்கள் பலரையும் கொன்றவன் அவன் என்று அதில் எழுதியிருக்கிறான். டார்சான் என்ற பெயருக்கே குரங்கு மொழியில் வெள்ளைத்தோல் என்று அர்த்தம். அவன் கொன்ற அந்தக் கறுப்பர்கள் யார்? ரப்பருக்காகவும் தந்தத்துக்காகவும் வெள்ளைக்காரன் செய்த கொடுமைக்குத் தப்பி, ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் அதிகாரிகள் செய்த அட்டூழியத்தை பர்ரோஸே எழுதுகிறார். எழுதிவிட்டு, அந்த மக்களைக் கயிறு போட்டு மரத்தில் தூக்கவும் வைக்கிறார், நாம் கைதட்ட வேண்டும் என்று. அந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக்கூட அவர் படப் புத்தகம் கொடுக்கவில்லை.

டார்சானை மறுபடி எழுத வருகிறவர் அந்த ஊருக்குள் போய்த் தொடங்கட்டும். டார்சான் திருடிப்போன அம்புகளை இரவில் எண்ணிப் பார்க்கும் ஒரு தாயிடமிருந்து தொடங்கட்டும். அந்தக் கதையை நான் வரிசையில் நின்று வாங்குவேன்.

மகனுக்கா? முதல் நாவலையே கொடுங்கள். அந்தக் காகிதம் வரும் பக்கத்தைப் படிக்கும்போது மட்டும் நீங்களும் கூட உட்கார்ந்திருங்கள். அவன் கேள்வி கேட்பான்.