1,218 மெகாவாட் என்றால் ஆண்டுக்கு எத்தனை யூனிட்?

கேள்வி: இங்கிலாந்தின் ஹார்ன்சீ 1 கடல் காற்றாலையின் திறன் 1,218 மெகாவாட், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் தரும் என்கிறார்கள். இதை எப்படிச் சரிபார்ப்பது? காற்று நின்றுவிட்டால்?

பதில்: 1,218 என்பது 174 டர்பைன்களும் தலா 7 மெகாவாட் தரும்போது கிடைக்கும் உச்ச அளவு. ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் 1,067 கோடி யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). அவ்வளவு ஒருபோதும் வராது. வட கடலின் நல்ல இடங்களில் ஆண்டுச் சராசரி, உச்சத்தில் 40 முதல் 50 சதவீதம். 45 என்று வைத்தால் 480 கோடி யூனிட். அங்கே வீட்டுக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட் என்று கொண்டால் சுமார் 17.8 லட்சம் வீடுகள். ஆகவே அவர்கள் சொல்வது மிகையல்ல. ஆனால் வீட்டு எண்ணிக்கையை வைத்து இரண்டு காற்றாலைகளை ஒப்பிடாதீர்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை யூனிட் என்று வைக்கிறார்களோ அதற்கேற்ப விடை மாறும். ஆண்டு யூனிட்டைக் கேளுங்கள்.

ஏன் பாதிதான்? காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு 13 மீட்டர் வாக்கில்தான் டர்பைன் முழுத் திறனைத் தொடும். 25 மீட்டரைத் தாண்டினால் பாதுகாப்புக்காக நின்றுவிடும்.

பலர் கவனிக்காதது கேபிள். யார்க்‌ஷயர் கரையிலிருந்து 120 கி.மீ. தொலைவில் உள்ள இந்தக் காற்றாலையிலிருந்து ஏ.சி. (மாறுதிசை) மின்சாரம்தான் வருகிறது. நீளமான கடலடி ஏ.சி. கேபிள் ஒரு பெரிய மின்தேக்கி மாதிரி. அதை நிரப்பி வடிக்கவே மின்னோட்டத்தில் ஒரு பகுதி போய்விடும். அதைச் சமன்செய்ய, பாதி வழியில், நடுக்கடலிலேயே ரியாக்டர்களுக்கென்று (அணு உலையல்ல, பெரிய கம்பிச்சுருள்கள்) தனி மேடை கட்டியிருக்கிறார்கள். இன்னும் தூரம் போனால் டி.சி. (நேர்திசை) கேபிளே மேல்.

காற்று குறைவது முன்கூட்டியே கணிக்கக்கூடியது. எரிவாயு மின்நிலையங்களையும் பக்கத்து நாட்டு மின் இணைப்புகளையும் முன்பே தயார் செய்துகொள்வார்கள். கடினம், நொடியில் வரும் இழப்பு. 2019 ஆகஸ்ட் 9 அன்று உயர் மின்னழுத்தக் கம்பித்தடம் ஒன்றில் இடி விழுந்தது. மின்னழுத்தம் தடுமாற, ஹார்ன்சீயின் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சமாளிக்க முடியாமல் அலைபாய்ந்தது; 799 மெகாவாட்டிலிருந்து 62 ஆகச் சரிந்தது. அதே வேளையில் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு மின்நிலையமும் மின்கட்டமைப்பிலிருந்து கழன்றது. மின்கட்டமைப்பின் அதிர்வெண் வழக்கமான 50-லிருந்து 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்க, சுமார் 11 லட்சம் இணைப்புகள் இருண்டன. அன்று காற்று குறையவில்லை. மாற்ற வேண்டியிருந்தது மென்பொருளை. மறுநாளே மாற்றினார்கள்.